வெள்ளமுட்டகத்துக்கு வலை போட்ட வருஷம்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி மீனவர் சங்கத்தில் என் மகனுக்குக் கொடுத்தது. கடலுக்குப் போகிறவனுக்கு எழுத ஏது நேரம். முன்பக்கத் தாள்களில் மருமகள் விண்ணரசி கோலம் போட்டுப் பழகியிருக்கிறாள். மிச்சத் தாள் எனக்கு. நான் ஐந்தாம் வகுப்பில் பாதியோடு நின்றவள். ஆனால் எழுத்து மறக்கவில்லை. எனக்கு எதுவுமே மறக்காது.

எழுத வேண்டிய சேதி இதுதான். தெக்கிலா வந்துவிட்டாள்.

தெக்கிலா என் வீட்டுக்காரர் கஸ்பாரின் தங்கச்சி. நாகர்கோவிலுக்குத் தெற்கே கட்டிக்கொடுத்தது. இந்த ஜனவரி பதினெட்டாம் தேதி அவள் வீட்டுக்காரர் இறந்துபோனார். நான் அடக்கத்துக்குப் போகவில்லை. எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். அன்றைக்குக் கரையில் சாளை மீன் கொட்டிக் கிடந்தது, ரெண்டு கூடை வாங்கி நானே உப்பு வைத்துக் காயப்போட்டேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது பிள்ளைகள் வெளிநாடு என்று அவள் தாய் வீட்டுக்கே குடிவந்திருக்கிறாள். தாய் வீடு என்றால் என் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் சுவர் கிடையாது. எங்களுக்குள் பேச்சு நின்று பத்தொன்பது வருஷம் ஆகிறது.

காரணம் நிறைய. 1979-இல் நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், பந்தியில் நாற்பது பேர் முன்னால், "மைனி வச்ச குழம்புக்கு உப்பே வாங்க வேண்டாம், கடல்ல இருந்து ஒரு வாளி போதும்" என்றாள். அப்போது அவளுக்கு வயது பதினான்கு. பதினான்கு வயசில் அந்த வாய். மற்றதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். அவசரம் இல்லை.

ஜூன் 5, வியாழன்

வந்தவள் சும்மா வரவில்லை. ரெண்டு தேன்பெட்டியோடு வந்திருக்கிறாள். முற்றத்தில் செங்கல் அடுக்கி, எறும்பு ஏறாமலிருக்க நாலு காலுக்கும் சிரட்டையில் தண்ணீர் வைத்து, ராணி மாதிரி உட்கார வைத்திருக்கிறாள்.

அந்தத் தேனீ எல்லாம் நேராக என் வெள்ளமுட்டகத்துக்கு வருகிறது.

வெள்ளமுட்டகம் கரை மணலில் வளரும் புதர். இலை தடித்து வழவழவென்று இருக்கும். பூ வெள்ளை. முதல் தடவை பார்க்கிறவர்கள் பாதிப் பூவை யாரோ கிள்ளிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். ஐந்து இதழும் ஒரே பக்கம் விசிறி போல விரிந்திருக்கும், மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. நானும் வாக்கப்பட்டு வந்த புதிதில் ஆடு கடித்தது என்றுதான் நினைத்தேன். காய் பழுத்தால் முத்து மாதிரி வெள்ளையாக இருக்கும்.

அந்தக் காயில்தான் எங்கள் தோமையார்துறையின் மானம் இருக்கிறது. அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள் கரைக் கெபியில், அதாவது கல்குகை மாதிரிக் கட்டின சின்னக் கோவிலில் நிற்கிற மாதாவுக்கு முத்துமாலை போட்டார்களாம். முத்து போனபிறகு வெள்ளமுட்டகக் காயைக் கோத்துப் போடுகிறோம். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். முழு ஜெபமாலைக்கு நூற்று ஐம்பத்து மூன்று மணி, ஆகவே நூற்று ஐம்பத்து மூன்று காய். கோக்கிற உரிமை எங்கள் வீட்டுக்கு. என் மாமியார் கோத்தாள். அவள் கண் மங்கினபிறகு ஊசியை மகளிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாள். தெக்கிலா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையும் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

போன கார்த்திகையில் கடல் ஏறி, கரையில் இருந்த புதரையெல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டது. பக்கத்தூர்க் கரைகளிலும் அப்படித்தான். மிஞ்சியது ரெண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற இந்த ஒன்றுதான். எட்டாள் கைகோத்தாலும் வளைக்க முடியாத புதர். ஆனால் ஒரே ஒரு புதர்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ஆட்டுக்குத் தழை போட்டேன். தெக்கிலா அந்தப் பக்கம் துணி காயப்போட்டாள். நான் ஆட்டிடம் சொன்னேன்.

"ஏட்டி மகாராணி, உன்னைக் கட்டிப்போட்டு வளக்கேன். சில பேரு வளக்கது ஊரான் பூவுல மேயுது, பாத்தியா?"

மகாராணி என்பது ஆட்டின் பெயர். தெக்கிலா துணியை உதறினாள். அவளும் ஆட்டைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏ ஆடு, பூவுல என்ன வேலி போட்டா இருக்கு? ஈ ஒரு சொட்டுத் தேன நக்கிட்டுப் போவுது. பூ குறைஞ்சா போச்சுன்னு உங்க ஆச்சிகிட்ட கேளு."

"மகாராணி, திருடுறவங்க எல்லாரும் ஒரு சொட்டுன்னுதான் சொல்லுவாங்க."

"ஆடே, உங்க ஆச்சிக்கு வயசு அறுபத்தாறு ஆச்சு, வாய்க்கு மட்டும் இருபதுன்னு சொல்லு."

விண்ணரசி வாசலில் நின்று சிரித்தாள். "அத்தே, ஆடு பாவம். ரெண்டு பக்கமும் தலைய திருப்பித் திருப்பிக் கழுத்து வலிச்சிரும்."

அறுபத்தாறு இல்லை, அறுபத்தைந்து. அவளுக்கு அறுபது. அதை ஆட்டிடம் சொல்ல மறந்துபோனேன். மறந்துபோகவில்லை, தெக்கிலா அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 12, வியாழன்

கஸ்பாரின் பழைய சென்னாக்கூனி வலையைப் பரணிலிருந்து இறக்கினேன். சென்னாக்கூனி நகக்கண் அளவு இறால். அதுவே தப்பாத வலையில் ஈ எப்படி நுழையும். விண்ணரசி ஒரு முனை, நான் ஒரு முனை. புதரை முழுக்க மூடி அடியில் கல் வைத்தோம். கடல் பக்கம் ஒரு முழம் கிழிசல், அங்கே ஒரு கிளை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. போகட்டும், ஒரு கிளை தர்மம்.

தெக்கிலா திண்டில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். ஆட்டிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. சின்னதாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஈ வலையில் முட்டி முட்டித் திரும்பிப் போகிறது. நல்ல தூக்கம்.

ஜூன் 24, செவ்வாய்

தெக்கிலா பெட்டியைக் கொண்டுபோய்விட்டாள். பொழுது சாயும் நேரம், ஈ எல்லாம் உள்ளே அடைந்தபிறகு வாசலைத் துணியால் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, அவள் மச்சினன் முருங்கைத் தோட்டத்துக்கு. போகும்போது ஆட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "இங்க பூவெல்லாம் முக்காடு போட்டிருக்கு. நாங்க முகம் காட்டுற பூவுக்குப் போறோம்."

ஜெயித்தேன்.

ஜூலை 2, புதன்

கெபி கமிட்டித் தலைவர் இன்னாசி வந்தார். காப்பி குடித்தார். புதரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஆச்சி, செடி ஒண்ணுதான இருக்கு. இந்த வருஷம் மாலை வருமா?"

"ஏன் வராது?"

"இல்ல, தூத்துக்குடியில பிளாஸ்டிக் முத்துமாலை பாத்து வச்சிருக்கேன். ஒரு தடவை வாங்கிட்டா அம்பது வருஷத்துக்குக் கவலை இல்ல. காய் ஒண்ணு குறைஞ்சாலும் கடைமாலைதான். கமிட்டித் தீர்மானம்."

"தீர்மானம் எப்போ போட்டிய?"

"இனிமேதான் போடணும்."

அவர் அப்பாவும் இப்படித்தான். 1988 மே மாதம் எங்கள் வள்ளத்தின் நங்கூரத்தை இரவலாக வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போது வேறே கயிறு கட்டிக் கொடுத்தார்.

ஜூலை 9, புதன்

காய் இல்லை.

நான்கு வாரமாகப் பூ பூக்கிறது, வாடுகிறது, வலைக்குள்ளேயே உதிர்கிறது. காம்பில் பச்சையாக ஒரு மணிகூட இல்லை. உப்புக்காற்றா, தெக்கிலா கண்ணா என்று யோசித்தேன். இரண்டாவதுதான் இருக்கும் என்று முடிவு செய்து மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வந்தது. கண் இருந்தால் நெடி வராதாம்.

கான்வென்டில் பாடம் எடுக்கிற சிஸ்டர் எமரென்சியா அந்தப் பக்கம் போனாள். சின்ன வயசு, வாய் கொஞ்சம் அதிகம். கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வலையைப் பார்த்தாள், கிழிசலில் நீட்டிக்கொண்டிருந்த கிளையைப் பார்த்தாள். அதில் குலைகுலையாகப் பச்சைக் காய்.

"ஆச்சி, இந்த ஒரு கிளை மட்டும் என்ன புண்ணியம் செஞ்சுது?"

"அது வெளிய நிக்குது."

"அதுதான். ஈ வந்தாத்தான் காய் வரும். நீங்க மாப்பிள்ளைய வாசல்லயே நிறுத்திட்டுப் பேரப்பிள்ளை எங்கேன்னு தேடுதிய."

ஒரு கன்னியாஸ்திரி பேசுகிற பேச்சா இது. இருந்தாலும் விளக்கமாகச் சொல்லச் சொன்னேன்.

அவள் ஒரு மொட்டைப் பிரித்துக் காட்டினாள். ஜெபப்புத்தகம் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். பூவின் நடுவில் ஒரு தண்டு வளைந்து நிற்கும், முனையில் ஓரத்தில் மயிர் வைத்த ஒரு குட்டிக் கிண்ணம். மொட்டாக இருக்கும்போதே மகரந்தப் பொடியெல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள் நிரம்பிவிடுகிறது. பூ விரிந்ததும் ஈ தேனுக்காக அடியில் தலையை நுழைக்கும். மேலே தொங்குகிற கிண்ணம் அதன் முதுகில் உரசிப் பொடியைப் பூசிவிடும். பொடி தீர்ந்தபிறகுதான் கிண்ணத்துக்குள்ளிருந்து பிசுபிசுவென்று ஒரு நாக்கு வெளியே வருகிறது. அது வேறே பூவின் பொடியை, வருகிற ஈயின் முதுகிலிருந்து வாங்கிக்கொள்ளும்.

"அப்போ புதுசா பூத்தது கொடுக்கும், மூத்தது வாங்கும்" என்றேன்.

"அதேதான் ஆச்சி. ஒரே நேரத்துல ரெண்டும் செய்யாது."

ரோஷமான பூ. எனக்கு முன்னைவிடப் பிடித்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

வலையை எடுக்க மாட்டேன். எடுத்தால் தெக்கிலா சிரிப்பாள். ஈ செய்கிற வேலையை நான் செய்ய முடியாதா.

சேவல் இறகு ஒன்றைச் சீவி எடுத்துக்கொண்டு வலைக்குள் நுழைந்தேன். புதுப் பூவில் தடவு, மூத்த பூவில் தட்டு. புதுப் பூவில் தடவு, மூத்த பூவில் தட்டு. காலையிலிருந்து மத்தியானம் வரை அறுபது பூ. இடுப்பு போய்விட்டது. விண்ணரசி வந்து வலைக்கு வெளியே நின்றாள்.

"அத்தே, உள்ள மாட்டுனது மீனா, ஆளா?"

"சோறு பொங்குனியா?"

"பொங்கியாச்சு. கொஞ்சம் தேன் வேணும்னா சொல்லுங்க, நக்கிட்டு வாங்க."

இந்தக் காலத்து மருமகள்கள்.

ஜூலை 15, செவ்வாய்

இறகு வேலை ஆறாம் நாள். ஓர் ஈ இதே வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் என்று சிஸ்டர் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வலைக்குள் உட்கார்ந்திருந்தால் வேண்டாததெல்லாம் நினைப்பு வருகிறது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன கஸ்பாரைச் சவப்பெட்டியில் வைத்திருந்தபோது, ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னால் தெக்கிலா சொன்னாள். "பாருங்க, மைனி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல."

அதுதான் காரணம். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் வந்த சில்லறை.

ஜூலை 19, சனி

எண்ணினேன். கிழிசல் கிளையில் முப்பத்து நாலு காய். என் இறகில் பிடித்தது இருபத்தொன்று. செப்டம்பர் எட்டுக்குள் பழுக்க வேண்டுமென்றால் இந்த மாசக் கடைசிக்குள் காய் பிடித்தாக வேண்டும். வலையை எடுத்தேன். தெக்கிலா வாசலில் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஈ வரவில்லை. கருவண்டு ரெண்டு வருகிறது, பெரிய மனுஷன் மாதிரி நாலு பூவைப் பார்த்துவிட்டுப் போகிறது. தெக்கிலாவின் ஈ எல்லாம் முருங்கைத் தோட்டத்தில்.

ஜூலை 23, புதன்

கஸ்பாரின் சவப்பெட்டிக்கு முன்னால் அன்றைக்கு அவள் அடுத்ததாக ஒன்று சொன்னாள். "யாராவது மைனியைப் பிடிச்சு அழ வையுங்க, நெஞ்சு வெடிச்சிரும்" என்றாள். அதையும் சேர்த்து நினைத்தால் கோபம் தங்க மாட்டேன் என்கிறது. அதனால் நான் அதைச் சேர்ப்பதில்லை.

ஜூலை 25, வெள்ளி

இன்னாசி தூத்துக்குடி போய்விட்டு வந்தார். கையில் அட்டைப்பெட்டி. "சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்கு ஆச்சி" என்றார். திறந்து காட்டினார். பளபளவென்று இருந்தது. மாதா கழுத்தில் அதை நினைத்துப் பார்த்தேன். பல் கட்டின மாதிரி இருக்கும்.

ஜூலை 26, சனி

போனேன்.

தனியாகப் போகவில்லை. மகாராணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனேன். பேசவேண்டியதைப் போகும் வழியிலேயே அதனிடம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். தெக்கிலா முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஏட்டி மகாராணி" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், கீரையைப் பார்த்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது, ஒரு வாய் கவ்விக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டது.

நான் வெறும் கயிற்றோடு நின்றேன்.

தெக்கிலா கீரைக் காம்பைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "ஆடு போயிட்டு மைனி. இனி யாருகிட்ட பேசப் போறிய?"

பத்தொன்பது வருஷம். குரல் அப்படியே இருக்கிறது.

"பெட்டியைத் திருப்பிக் கொண்டு வா" என்றேன்.

"எதுக்கு?"

"காய் வேணும்."

"என் ஈ திருட்டு ஈயாச்சே."

"வேலையும் செய்யுதுன்னு சிஸ்டர் சொன்னா."

"சிஸ்டர் சொன்னா. நான் குமரிப்பக்கம் முப்பது வருஷம் பெட்டி வச்சிருக்கேன், என்கிட்ட கேக்கத் தோணல."

"உன்கிட்ட பேச்சு இல்லியே."

"வலை போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும் மைனி, காய் வராதுன்னு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஆட்டுகிட்ட எப்படிச் சொல்ல? அதுக்குப் புரிய வேண்டாமா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மடியில் இருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"பெட்டி வரும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் அடக்கத்துக்கு ஏன் வரல?"

"காய்ச்சல்."

"காய்ச்சல்ல ரெண்டு கூடை சாளை காயப்போட்டியளாம். விண்ணரசி சொன்னா."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. ரொம்ப நேரம் ஆயிற்று என்று மட்டும் எழுதலாம். தெக்கிலா மூக்கைச் சிந்தினாள். எனக்கு ஒன்றுமில்லை. கடற்காற்று, கண்ணில் மணல்.

ஆட்டை விண்ணரசி பிடித்து வந்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

சாயங்காலம் பெட்டி வந்தது. இறக்க ஒரு கை பிடித்தேன். உள்ளே ம்ம்ம் என்று ஒரே சத்தம், கோவிலில் எல்லாரும் வாய்க்குள் ஜெபிப்பது போல. தெக்கிலா ஒரு கல்லை எடுத்துப் போட்டு, "காலைல வந்து இதுல உக்காந்து பாருங்க" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

காலையில் பார்த்தேன். முதலில் நாலைந்து ஈ வட்டமடித்து வீட்டை அடையாளம் பார்த்தது. வெயில் ஏறினபிறகு புதர் முழுக்க ஈ. பூதக்கண்ணாடியை வைத்து ஒன்றின் முதுகைப் பார்த்தேன். சிஸ்டர் சொன்ன இடத்திலேயே மஞ்சள் பொடி, சுண்ணாம்பு பூசின மாதிரி. அது அப்படியே மூத்த பூவுக்குள் நுழைந்து, நாக்கில் முதுகை உரசிவிட்டு வெளியே வந்தது. என் இறகால் நான் ஒரு நாள் செய்தது, நான் வெற்றிலை மடித்து முடிக்கிறதற்குள்.

"கொட்டுமா?" என்றேன்.

"நீங்க ஏசாட்டா கொட்டாது" என்றாள் தெக்கிலா.

ஆகஸ்ட் 6, புதன்

காய். காய். காய்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தெக்கிலா வைத்த மீன்குழம்பு சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

கொடியேற்றம். கூட்டத்தில் தெக்கிலா என் பக்கத்தில் நின்றாள். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பறித்து முறத்தில் கொட்டி எண்ணினோம். நான் ஒரு தடவை, தெக்கிலா ஒரு தடவை, விண்ணரசி ஒரு தடவை. நன்றாக வெளுத்த காய் நூற்று முப்பத்தொன்பது. பதினாலு குறைகிறது. பச்சைக் காய் வேண்டுமளவு இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் எல்லாம் முத்து. மாதா ஒரு வாரம் தள்ளிப் பிறக்க மாட்டாள்.

வலை போட்ட அந்த ஐந்து வாரத்தை நினைத்தேன். ரெண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

"ஊசியை எடுங்க மைனி" என்றாள் தெக்கிலா.

"நீ கோரு" என்று ஊசியை அவளிடம் நீட்டினேன். அவள் கொஞ்சநேரம் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நூல் கோத்தாள். தன் அம்மாவைப் போலவே கோத்தாள், காயின் கண்ணில் குத்தாமல் பக்கவாட்டில்.

பத்துக் காய் ஆனபோது நிறுத்தினாள். ஒரு பச்சைக் காயை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அதை வாங்கி ஊசி முனையில் வைத்தேன். அவள் ஏற்றினாள். அடுத்த பத்து வெள்ளை. ஒரு பச்சை. பதினாலு பச்சையும் ஏறியது. கடைசிப் பத்தில் ஒரு வெள்ளை குறைந்தது, அந்த இடத்தில் முடிச்சைப் பெரிதாகப் போட்டோம்.

நூற்று ஐம்பத்து மூன்று.

செப்டம்பர் 8, திங்கள்

பங்குச் சாமியார் மாலையை மந்திரிக்கக் கையில் எடுத்தபோதே இன்னாசி எழுந்துவிட்டார். கக்கத்தில் அட்டைப்பெட்டி.

"ஆச்சி, இது என்ன நடுவுல நடுவுல பச்சை? பழுக்காத காய மாதாவுக்குப் போடலாமா?"

நான் வாயைத் திறக்கிறதற்குள் தெக்கிலா எழுந்தாள். கெபி முன்னால் நானூறு பேர் இருப்பார்கள்.

"தலைவரே, ஜெபமாலை சொல்லுவியளா?"

"சொல்லுவேன்."

"பத்து அருள்நிறைந்த மந்திரம் முடிஞ்சா என்ன வரும்?"

"பரலோக மந்திரம்."

"அதுக்கு மணி தனியா இருக்கா இல்லியா? பத்துக்கு ஒண்ணு பச்சை. எங்க மைனி இத்தனை வருஷம் வெள்ளையாவே கோத்துப்பிட்டு, இந்த வருஷந்தான் முறையாச் செஞ்சிருக்கா. ஒங்களுக்குத் தெரியலைன்னா அட்டைப்பெட்டியில எழுதி வச்சுக்கிடுங்க."

சாமியார் குனிந்துகொண்டார், சிரித்திருப்பார். மாலை ஏறியது. வெயிலில் பச்சை நன்றாகவே இருந்தது. ஒரு ஈ எங்கிருந்தோ வந்து மாலையை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

வீட்டுக்கு வரும் வழியில், இத்தனை வருஷமும் நான் தப்பாகக் கோத்தேன் என்று நானூறு பேர் முன்னால் சொன்னதைக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. காலில் மணல் சூடாக இருந்தது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் குழாயடியில் தெக்கிலா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பத்துக்கு ஒரு பச்சை வைத்தது தன்னுடைய யோசனையாம். விண்ணரசி கேட்டுவிட்டு வந்து சொன்னாள். காயை வாங்கி ஊசியில் வைத்தது யார்? நான். உருட்டிக்கொண்டிருந்ததெல்லாம் யோசனை ஆகாது.

இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவளோடு பேசப் போவதில்லை.